பறவைகளை எண்ணச் சொன்ன பிராங்க் சாப்மன்



என் மேசை இழுப்பறையில் ஏழெட்டு உண்டிவில்கள் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் அதனை லாஸ்டிக் என்பார்கள். பால்மரக் காட்டில் மைனாவையும் கொண்டைக்குருவியையும் குறிபார்த்து அடித்த மாணவர்களிடமிருந்து பறித்து வைத்தவை அவை. ஒன்றைப் பறித்தால் மறுவாரம் மற்றொன்று முளைத்து விடுகின்றது. கண்டித்தும் பார்த்தேன், அறிவுரை கூறியும் பார்த்தேன். பெரும்பயன் விளையவில்லை. அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் பிராங்க் சாப்மன் என் நினைவுக்கு வருகின்றார். வேட்டையாடுவோரின் கையில் துப்பாக்கிக்குப் பதிலாக எழுதுகோலைக் கொடுக்க வழி கண்டவர் அவர். அவர்தம் வரலாற்றை இம்மலரில் சொல்ல விழைகின்றேன்.

பிராங்க் மிக்லர் சாப்மன் 1864ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எங்கிள்வுட் என்னும் ஊரையடுத்த பகுதியில் பிறந்தார். தந்தையார் நியூயார்க் மாநகரில் வழக்கறிஞராக விளங்கியவர். சாப்மன் சிறுவனாக இருந்தபோதே அவர் காலமானார். வீட்டைச் சூழ்ந்து பழத்தோட்டமும் காடும் இருந்தமையால், பறவைகளின் குரலைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான். உள்ளூர்ப் பள்ளியில் 1880ஆம் ஆண்டு படிப்பை முடித்ததும், நியூயார்க்கில் ஒரு வங்கியில் எழுத்தராக வேலைக்கு அமர்ந்தார். கல்லூரியின் வாயிற்படியை அவர் மிதித்ததே இல்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அருங்காட்சியகம் ஒன்றின் பறவைப் பிரிவுக்குத் தலைவரானவர் இவர்தாம் என்பதை நினைக்கும்போது வியப்பே மேலிடுகின்றது.

வங்கியில் கழிந்த ஆறாண்டுகளும் வீணாகவில்லை. குளிர்காலத்தில் தெற்கே வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பறவைகள், இளவேனிலில் வடக்கே திரும்பும். நம் நாட்டிலும் ஆண்டின் இறுதி மாதங்களில் பட்டணத்து மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கக் காண்கின்றோம் அல்லவா? அவையும் வடக்கேயிருந்து வந்த விருந்தினர்களே. அமெரிக்காவில் இப்பறவைகள் எந்நாளில், எவ்வழியாகத் திரும்புகின்றன என்பதை அறிய, 1883ஆம் ஆண்டு தோன்றிய அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் தொண்டர்களை நாடியது. அப்பணியில் 1884ஆம் ஆண்டு சாப்மன் தம்மை இணைத்துக் கொண்டார். விடியுமுன் எழுவார், காட்டினூடே நடந்து பறவைகளைக் குறித்துக் கொள்வார், பின்னர் இரயிலேறி வங்கிக்குச் செல்வார். இருள் பிரியுமுன் எழுந்து மரம் சீவச் செல்லும் நம் பெற்றோர்க்கு இதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

அக்காலத்தில் மேனாட்டுப் பெண்டிரிடையே ஒரு நாகரிகம் பரவியிருந்தது. தொப்பிகளில் பறவை இறகுகளையும், சிறகுகளையும், சில வேளைகளில் பஞ்சடைத்த முழுப் பறவைகளையுமே அணிந்து கொள்வார்கள். 1886ஆம் ஆண்டு சாப்மன் இரண்டு மாலைப் பொழுதுகளில் நியூயார்க்கின் கடைத்தெருக்களில் உலாவினார். கடைப்பொருள்களை அவர் கண்கள் நோக்கவில்லை. எதிரே வந்த தொப்பிகளையே எண்ணின. 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 தொப்பிகளில் பறவையோ இறகோ இருந்தது. மரங்கொத்தி, ஆலா, காடை என ஏறத்தாழ 40 வகைப் பறவைகளை இறகைக் கொண்டே இனங்கண்டு பட்டியலிட்டார். அப்பட்டியல் வேட்டையும் காட்டு வாழ்வும் பற்றிய இதழ் ஒன்றில் வெளிவந்தது. இறகு வணிகத்தைப் பழித்து ஆயிரம் பேர் பேசியிருக்கலாம். இவரோ பேசவில்லை, எண்ணிக் காட்டினார். பின்னாளில் அவர் செய்த பெரும்பணிக்கு வித்து அந்தக் கடைத்தெருவிலேயே விழுந்தது என்பது என் கருத்து.

அவ்வாண்டே வங்கி வேலையைத் துறந்தார். நல்ல சம்பளத்தை உதறிவிட்டுக் குருவி பார்க்கப் போகிறானே என்று ஊரார் எண்ணியிருப்பார்கள். 1888ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

இவ்விடத்தில், பெரியோர் வரலாறு எழுதுவோர் பலரும் மறைத்துவிடக்கூடிய ஒரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும். அந்நாளில் அருங்காட்சியகங்கள் பறவைகளைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தியே ஆராய்ந்தன. 1889ஆம் ஆண்டு சாப்மன் புளோரிடா மாநிலத்தில் செபாஸ்டியன் ஆற்றங்கரைக்குச் சென்றார். கரோலினாக் கிளி என்னும் பறவையைத் தேடியே அப்பயணம். பச்சை உடலும் மஞ்சள் தலையும் கொண்ட அழகிய கிளி அது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய ஒரே கிளியினம். ஒரு காலத்தில் பெருங்கூட்டங்களாகப் பறந்தது, அப்போதோ அருகிவிட்டது. ஒன்பது கிளிகளைச் சுட்ட பின், இனி ஒன்றையும் தொடேன், எஞ்சியவையாவது பிழைக்கட்டும் என்று சாப்மன் உறுதி பூண்டார். அதன்பின் ஒரு கூட்டம் கண்ணெதிரே வந்தது. உறுதி காற்றில் பறந்தது. மேலும் ஆறு கிளிகள் வீழ்ந்தன. ஆக 15. தம் மனம் தடுமாறியதை அவர் பிறரிடம் மறைக்கவும் இல்லை. அந்தக் கிளியினத்தின் கடைசிப் பறவை 1918ஆம் ஆண்டு சின்சினாட்டி நகர விலங்குக் காட்சியகத்தில், கூண்டுக்குள்ளேயே மாண்டது. பறவைகளை அத்துணை நேசித்த மனிதரின் விரலையே அடக்க முடியாத துப்பாக்கி, மற்றவர் கையில் இருந்தால் என்னவாகும்? என் மாணவர்களை அதற்குப் பிறகு நான் சற்று வேறு கண்கொண்டு பார்க்கலானேன்.

1895ஆம் ஆண்டு, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு வெளிவந்தது. அறிஞர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் அது வழிகாட்டியது. 1898ஆம் ஆண்டு திருமணம் செய்து கொண்டார். மணமக்கள் இருவரும் புளோரிடாவிலுள்ள பெலிக்கன் தீவுக்குச் சென்று கூழைக்கடாக்களைக் கண்டு வந்தார்களாம். மனைவியாரும் ஆர்வம் உடையவரே. பறவைத் தோலைப் பதப்படுத்தும் கலையை விரைவிலேயே கற்றுக் கொண்டார்.

1899ஆம் ஆண்டு சாப்மன் தம் சொந்தப் பொறுப்பில் ஓர் இதழைத் தொடங்கினார். பேர்டு லோர் என்பது அதன் பெயர். அப்போது பல மாநிலங்களில் ஆடுபன் சங்கங்கள் என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றியிருந்தன. அவற்றுக்கெல்லாம் இவ்விதழே குரலாக அமைந்தது. ஆசிரியர்களும் இல்லத்தரசியரும் பள்ளிப் பிள்ளைகளும் அதனைப் படித்தனர்.

இனி, 1900ஆம் ஆண்டு நடந்ததைக் காண்போம். கிறிஸ்துமஸ் நாளில் ஊர்ப்புறங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடவர் இரண்டு அணியாகப் பிரிவர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர். காலையில் துப்பாக்கியுடன் புறப்பட்டு, இறக்கை உள்ளதையும் உரோமம் உள்ளதையும் கண்ட இடத்தில் சுட்டு வீழ்த்துவர். மாலையில் எந்த அணியின் குவியல் பெரியதோ அந்த அணிக்கே வெற்றி. உண்பதற்காகச் செய்த வேட்டை அன்று அது, வெறும் போட்டி. அதில் கலந்து கொண்டோர் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நண்பரும் உறவினரும் கூடிக் குளிர் காற்றில் நடந்து, மாலையில் ஒன்றாக அமர்ந்து பெருமை பேசும் மகிழ்ச்சியே அவர்களை இழுத்தது.

சாப்மன் இதனை நன்கு உணர்ந்திருந்தார் போலும். வேட்டையைக் குறை கூறுவதோடு அவர் நின்று விடவில்லை. நடையும் இருக்கட்டும், நட்பும் இருக்கட்டும், கணக்கும் இருக்கட்டும். துப்பாக்கி மட்டும் வேண்டாம் என்பதே அவர் திட்டம். கிறிஸ்துமஸ் நாளில் வெளியே சென்று, கண்ட பறவைகளை வகை வாரியாக எண்ணி, அன்றிரவே தமக்கு எழுதி அனுப்புமாறு டிசம்பர் மாத இதழில் வாசகர்களைக் கேட்டுக் கொண்டார்.

எத்தனை பேர் முன்வந்தனர் தெரியுமா? 27 பேர். அவ்வளவே. கனடாவின் டொரொண்டோ முதல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரை 25 இடங்களில் அவர்கள் எண்ணினார்கள். ஏறத்தாழ 90 வகைகளைச் சேர்ந்த, ஏறத்தாழ 18,500 பறவைகள் கணக்கில் வந்தன. இன்று இப்பணியை ஆங்காங்குள்ள ஆடுபன் சங்கங்களும் இயற்கைக் கழகங்களும் ஏற்று நடத்துகின்றன. 2,500க்கும் மேற்பட்ட இடங்களில், 70,000க்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் இதில் ஈடுபடுகின்றனர்.

இந்த நடை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை மாணவர்கள் அறிந்து கொள்ளுதல் நலம். ஓர் ஊரை மையமாகக் கொண்டு 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தை வரைபடத்தில் இடுவர். அவ்வட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. டிசம்பர் 14 முதல் சனவரி 5 வரையுள்ள நாள்களில் ஒரு நாளைக் குறித்துக் கொள்வர். வட்டத்தைப் பல கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு குழுவை அனுப்புவர். குழுவில் பறவைகளை நன்கறிந்த ஒருவர் இருப்பார். அவருடன் புதியவர்களும் முதியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து நடப்பர். ஒருவர் குறிப்பேடு வைத்திருப்பார். ஆந்தையின் குரலைக் கேட்க விரும்புவோர் விடியுமுன்பே புறப்படுவதும் உண்டு. கண்ணால் கண்டதும் கணக்கு. காதால் கேட்டதும் கணக்கு. அரிய பறவையை மட்டும் தேடி ஓடுதல் கூடாது. வீட்டுக்குருவியையும் எண்ணியாக வேண்டும். எத்தனை மணி நேரம் நடந்தோம், எவ்வளவு தொலைவு நடந்தோம் என்பதையும் எழுதுவர். ஏனெனில் பத்துப் பேர் எண்ணிய ஆண்டையும் ஐம்பது பேர் எண்ணிய ஆண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு பிழைபடும். மாலையில் எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடி, பட்டியலைப் படித்துத் தொகுப்பர்.

ஒரு நாள் கணக்கால் ஒன்றும் தெரியாது. நூறாண்டுக் கணக்கு பேசும். வட அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019ஆம் ஆண்டு அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய சான்றுகளுள் இக்கணக்கெடுப்பும் ஒன்று. பெயர் தெரியாத பல்லாயிரம் மக்கள் குளிரில் நடந்து எழுதிய குறிப்புகள் அவை.

எண்ணுவதோடு சாப்மன் ஓய்ந்தாரில்லை. பெலிக்கன் தீவில் கூழைக்கடாக்களைச் சுட்டு அழிப்பதை நிறுத்த வேண்டும் என்று அவர் முதலியோர் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் எடுத்துரைத்தனர். 1903ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் அத்தீவு பறவைகளின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்க மைய அரசு பறவைகளுக்கென ஒதுக்கிய முதல் இடம் அது. பரப்பளவு ஐந்து ஏக்கர் அளவே! பால் குரோகல் என்பவர் காவலர். அவருக்குச் சம்பளம் மாதம் ஒரு டாலர். வேறொரு காவலரின் கதையோ துயரமானது. கை பிராட்லி என்பவர் புளோரிடாவின் தென்கோடியில் வெண்கொக்குகளைக் காத்து வந்தார். கொக்கின் அழகிய இறகு இனப்பெருக்கக் காலத்திலேதான் வளரும். ஆகவே தாய்ப்பறவையைச் சுட்டால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் மடியும். 1905ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இறகு வேட்டையாடுவோர் பிராட்லியைச் சுட்டுக் கொன்றனர். ஒரு தொப்பியின் அழகுக்கு மனித உயிரும் விலையாயிற்று. 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது.

1908ஆம் ஆண்டு சாப்மன் அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுக்குக் காப்பாளரானார். பஞ்சடைத்த பறவைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வெறுமனே நிறுத்துவதை அவர் விரும்பவில்லை. அவை வாழ்ந்த சதுப்பு நிலத்தையும் கூட்டையும் வானத்தையும் ஓவியத்தாலும் செடிகொடிகளாலும் அப்படியே அமைத்துக் காட்டினார். காட்டுக்குச் செல்ல இயலாத நகரத்துப் பிள்ளைகள் அங்கே காட்டைக் கண்டனர். முதுமையில் பனாமா நாட்டிலுள்ள பாரோ கொலராடோ தீவில் குளிர்காலங்களைக் கழித்தார். இரவில் விலங்குகள் நடக்கும் தடத்தில் கயிற்றைக் கட்டி, அதனைப் புகைப்படக் கருவியுடன் இணைத்து வைப்பார். புலிக்கு உறவான பூமா வந்து கயிற்றை இடறினால், அதுவே தன் படத்தை எடுத்துக் கொள்ளும்! செபாஸ்டியன் ஆற்றங்கரையில் துப்பாக்கியுடன் நின்ற அதே மனிதர் இவர்.

1942ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1945ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், தமது 81ஆம் அகவையில், நியூயார்க்கில் இயற்கை எய்தினார். ஐந்தாறு வாரங்கள் கழிந்து அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் வந்தது. பெரும்போர் முடிந்த ஆண்டு அது. பல ஊர்களில் மக்கள் வழக்கம்போல் விடியலில் கூடி, குறிப்பேடும் எழுதுகோலும் ஏந்தி, 46ஆம் முறையாகப் பறவைகளை எண்ணப் புறப்பட்டார்கள்.