இரவல் கோலத்தை மறுத்த சிற்பி

அடிமை மனப்பான்மை அரசியலில் மட்டுமே உண்டு என எண்ணுவோர் பலர். அமெரிக்கா சுதந்திரம் பெற்று ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும், தன் கட்டடங்களுக்குரிய தூண்களையும் விதானங்களையும் கிரேக்கரிடமும் ரோமரிடமும் இரவல் பெற்று வந்தது. இதை எதிர்த்துக் கலகம் செய்த லூயி ஸல்லிவனின் சரித்திரத்தை நம் வாசகர்கள் அறிதல் நலம்.

1856-இல் பாஸ்டன் நகரில் பிறந்த ஸல்லிவன், பாரிஸில் சில காலம் பயின்று, சிகாகோவில் குடியேறினார். 1871-இல் பெருந்தீக்கு இரையான அந்நகரம் அப்போது புதிதாக எழும்பிக் கொண்டிருந்தது. எஃகுச் சட்டம் பாரம் தாங்க, சுவர் வெறும் போர்வையாகிவிட்ட காலம் அது. அத்தகைய உயர்ந்த கட்டடத்துக்குப் பழங்கோயிலின் வேஷம் எதற்கு என்பதே அவர் எழுப்பிய கேள்வி. ஒரு பொருளின் உருவம் அதன் உபயோகத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். செயின்ட் லூயி நகரில் 1891-இல் முடிவுற்ற பத்து மாடி வெயின்ரைட் கட்டடம் அதற்குச் சான்று. அவரை அலங்காரத்தின் விரோதி எனக் கருதுவது தவறு. அவரது சுடுமண் இலைக்கொடிகளுக்கு இணையானவை சிலவே.

1893-இல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. பிரதான மண்டபங்கள் யாவும் வெண்சாந்து பூசிய ரோமாபுரியாகத் திகழ, ஸல்லிவன் மட்டும் தம் போக்குவரத்து மண்டபத்தைப் பல வர்ணங்களில், பொன்மயமான வாயிலோடு நிறுவினார். தேசமோ வெள்ளைத் தூண்களையே விரும்பிற்று. 1895-இல் கூட்டாளி ஆட்லர் பிரிந்தார். வேலை குறைந்தது. உலகமே முழுக் குற்றவாளி என நாம் சொல்லோம். அவருடைய கர்வமும் மதுப்பழக்கமும் பங்கு கொண்டன. 1909-இல் வீட்டுச் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன. எனினும், ஒவட்டானா போன்ற சிற்றூர்களில் அவர் கட்டிய பாங்கிக் கட்டடங்களில் தளர்ச்சியின் சாயல் சிறிதும் இல்லை.

1924 ஏப்ரலில், சிகாகோ ஓட்டல் அறையொன்றில், நண்பர்களின் உதவியால் நாட்களைக் கடத்தி வந்த நிலையில் அவர் மரணமடைந்தார். அதற்குச் சில தினங்கள் முன்பு, எஞ்சியிருந்த சித்திரங்களைச் சீடர் பிராங்க் லாயிட் ரைட்டிடம் ஒப்படைத்தார். ரகசியமாக வெளிவேலை செய்தார் என 1893-இல் தாமே வெளியேற்றிய சீடர் அவர்! ரைட் அக்காகிதங்களைத் தம் ஆயுள் முழுதும் பாதுகாத்தார். 1965-இல் அவை கொலம்பியா சர்வகலாசாலையின் ஏவரி நூலகத்தைச் சேர்ந்தன.

காகிதங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு கட்டடங்களுக்குக் கிடைக்கவில்லை. சிகாகோ பங்கு மாற்று மாளிகை 1972-இல் இடிக்கப்பட்டது. அதன் சிற்ப வேலைகளைக் காப்பாற்ற முயன்ற புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாடுகளில் சிக்கி உயிர்நீத்தார். மாளிகையின் வாயில் வளைவு சிகாகோ கலைக்கூடத்தின் வெளிப்புறத்தில் தனித்து நிற்கிறது.