அயலாரும் நோன்பிருந்த அடிகளார்



யூபிலி ஆண்டில் முன்னோரை நினைப்பது நம் வழக்கம். கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர்கள், மணி வாங்கித் தந்தவர்கள், பீடத்திற்குப் பொருள் கொடுத்தவர்கள் ஆகியோரை இம்மலரின் மற்றப் பக்கங்களில் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பு, நம் ஊருக்கு அருகிலேயே உழைத்து உயிர்விட்ட ஒரு குருவின் வரலாற்றை நான் இங்கே எழுத விரும்புகிறேன். அவரே அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கீசிய மொழியில் அவர் பெயர் என்றிக்கே என்றிக்கஸ்.

குருமடத்தில் படித்த நாட்களில் இவரைத் தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம். அது பெரும் புகழ்தான். ஆனால் இவர் வாழ்வை முழுதும் படித்தவர்கள், அச்சு நூலுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே இவர் எழுப்பிய மற்றொரு நினைவுச் சின்னத்தை அறிவார்கள். அது புன்னைக்காயலில் ஏழைகளுக்காக எழுந்த மருத்துவமனை.

தள்ளப்பட்ட கல்

அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டிலுள்ள வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூத குலத்திலிருந்து கிறிஸ்தவ மறையைத் தழுவியவர்கள். அக்காலத்தில் அத்தகைய குடும்பங்களை, புதுக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லி ஐயத்தோடு பார்த்தார்கள். இளமையில் அவர் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். ஆனால் குலத்தைக் காரணம் காட்டி அவரை வெளியேற்றிவிட்டார்கள். பின்னர் கொயிம்பிரா நகரில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545ஆம் ஆண்டு, புதிதாகத் தோன்றியிருந்த சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறி கோவாவுக்கு வந்து சேர்ந்தார்.

பிறப்பைக் காட்டி ஒதுக்கப்படுவதன் வேதனை என்ன என்பதை அறிந்த ஒருவரை ஆண்டவர் நம் கடற்கரைக்கு அனுப்பினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அன்றைய முத்துக்குளித்துறை

1547ஆம் ஆண்டு அடிகளார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அப்போது இங்கே நிலைமை எப்படி இருந்தது? முத்துச் சலாபத்தின் உரிமை பற்றிப் பரதகுல மக்களுக்கும் கடற்கரை முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட சண்டையில் இரத்தம் சிந்தியிருந்தது. அந்தச் சண்டையில் போர்த்துக்கீசியரின் துணையை நாடிய பரதகுல மக்கள் 1535 முதல் 1537 வரை பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் பெற்றார்களேயன்றி, மறை அறிவு பெறவில்லை. 1542ஆம் ஆண்டு மணப்பாட்டில் கால்வைத்த புனித சவேரியார்தான் ஊர் ஊராக நடந்து அவர்களுக்குச் செபங்களைக் கற்பித்தார். ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, அவர்கள் சம்பளத்திற்கென போர்த்துக்கல் அரசியிடமிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் கிடைக்கவும் வழி செய்தார்.

முத்து என்றதும் செல்வம் என்று நினைக்கிறோம். மூச்சை அடக்கி மூழ்கியவனுக்குக் கிடைத்தது அதில் சிறு பங்கே. வரி கேட்டவர்கள் பலர். சில ஆண்டுகளில் சிப்பி விளையாமலே போகும். அவ்வாண்டுகளில் மீனே சோறு. காற்று எதிர்த்தால் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, உள்நாட்டிலிருந்து வடுகர் படைகள் வந்து ஊர்களைச் சூறையாடும். இத்தகைய மக்களிடையேதான் 27 வயது இளைஞரான அடிகளார் வந்து இறங்கினார்.

முதலில் மொழி

வந்தவுடன் அவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடுதான் போதித்தார். தாம் சொல்வது ஒன்று, மக்கள் காதில் விழுவது வேறொன்று என்று விரைவில் கண்டுகொண்டார். சவேரியாரின் காலத்தில் அவசரமாகத் தமிழாக்கப்பட்ட விசுவாச அறிக்கையிலும் விசுவசிக்கிறேன் என்று இருக்கவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. மக்கள் பக்தியோடு அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தமிழை எழுதவும் படிக்கவும் கற்கும்படி சவேரியார் பணித்தார். அடிகளார் இரவும் பகலும் அதிலேயே மூழ்கினார். உடல் நலிந்தவர், ஆயினும் ஆறு மாதங்களுக்குள் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டுத் தாமே பேசும் நிலையை அடைந்தார். தமிழ் வினைச்சொற்களை இலத்தீன் இலக்கண முறையில் வகைப்படுத்தி ஓர் இலக்கணமும் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரில் பாதுகாக்கப்பட்டு, 1982ஆம் ஆண்டில் அச்சேறியது.

மக்களுக்கு நன்மை செய்ய வந்தவர் முதலில் அவர்களிடமே மாணவராக உட்கார்ந்தார். இது சிறிய காரியமன்று. உதவி செய்யப் போகிறவன் பேசிக்கொண்டே இருந்தால், உதவி தேவைப்படுகிறவன் தன் குறையைச் சொல்ல வாய்ப்பே இல்லாமற் போகும்.

மக்களே எழுப்பிய மருத்துவமனை

1549ஆம் ஆண்டு வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகளார் வடுகர் படையால் கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் வேதசாட்சி அவரே. அவருக்குப்பின் முத்துக்குளித்துறைக்குத் தலைவராக அண்டிரிக் அடிகளாரை உடன் உழைத்த குருக்களும் சகோதரர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பிறப்பால் தள்ளப்பட்ட கல், இங்கே மூலைக்கல் ஆனது.

பொறுப்பை ஏற்ற ஓரிரு ஆண்டுகளுக்குள், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. இக்கரையில் அதுவரை காணாத காட்சி அது. காய்ச்சலில் விழுந்தவன், கடலில் அடிபட்டவன், வீட்டில் பார்ப்பார் இல்லாதவன் ஆகியோருக்கு அங்கே படுக்க இடமும் கஞ்சியும் மருந்தும் கிடைத்தன.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? லிஸ்பனிலிருந்து வரும் என்று அடிகளார் காத்திருக்கவில்லை. மக்கள் தந்த காணிக்கையும், ஊரில் குற்றம் செய்தோரிடம் தண்டிய அபராதமும் சேர்ந்து அந்த மருத்துவமனையை நடத்தின. தவறு செய்தவன் கட்டிய காசு நோயாளியின் வயிற்றுக்குக் கஞ்சியாயிற்று! அந்த ஏற்பாட்டின் அழகை எண்ணிப் பாருங்கள். அது பாதிரியாரின் மருத்துவமனை அன்று; ஊராரின் மருத்துவமனை. காலப்போக்கில் கரையின் வேறு ஊர்களிலும் அதன் வழியில் மருத்துவமனைகள் தோன்றின.

1578ஆம் ஆண்டளவில் புன்னைக்காயலில் பொதுநிலையினரைக் கொண்டு அன்புச் சபை ஒன்றையும் அவர் அமைத்தார். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை உட்கொள்வதும், இரக்கச் செயல்கள் புரிவதும் அதன் உறுப்பினரின் கடமை. பீடத்தில் பெற்றதை ஊருக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதே அச்சபையின் உட்பொருள்.

சிறையும் சோதனையும்

இதெல்லாம் அமைதியான காலத்தில் நடக்கவில்லை. 1553ஆம் ஆண்டு புன்னைக்காயல் கடலிலும் தரையிலும் தாக்கப்பட்டது. போர்த்துக்கீசியர் பலர் பிடிபட்டார்கள். அடிகளாரும் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலையானார். 1560ஆம் ஆண்டுக்குப் பின் மக்களில் ஒரு பகுதியினர் பாதுகாப்புத் தேடி மன்னாருக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் அங்கே சென்று உழைத்தார். சிறையிலிருந்து மீண்டவர் போர்த்துக்கலுக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. இந்தியாவுக்கு வந்தபின் தாய்நாட்டை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

ஊரார் பணத்தில் அச்சு

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். ஆயினும் இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் சொந்த எழுத்திலேயே அச்சான முதல் நூல் அதுதான். அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் கிறிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1580ஆம் ஆண்டு பாவசங்கீர்த்தன நூலும், 1586ஆம் ஆண்டு 650 பக்கங்களுக்கும் மேற்பட்ட அடியார் வரலாறும் தொடர்ந்தன. கடைசியாகச் சொன்ன இந்நூல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. தனிநாயக அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் அதைக் கண்டெடுத்தார். இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, 1967ஆம் ஆண்டு தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதை மீண்டும் வெளியிட்டது.

இந்த அச்சு வேலையிலும் அடிகளார் தனியாக நிற்கவில்லை. தம்பிரான் வணக்கத்தின் முகப்பிலேயே அவர் பெயரோடு மனுவேல் தே சான் பேத்ரு என்னும் குருவின் பெயரும் அச்சாகியுள்ளது. எழுத்துகளை வார்த்தவர்கள் சேசு சபையினர். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறை மக்களே. மூழ்கி எடுத்த முத்தின் காசு, தமிழின் முதல் அச்செழுத்தாயிற்று.

ஒரு மரணமும் இரு நோன்புகளும்

1600ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஏறத்தாழ எண்பது வயதில், அடிகளார் புன்னைக்காயலில் இறந்தார். 53 ஆண்டுகள் இக்கரை மக்களுக்காகவே உழைத்திருந்தார். அவர் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாதா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் இறந்த செய்தி பரவியபோது நடந்ததாகச் சேசு சபையின் பழைய வரலாறுகளில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. சுற்று வட்டாரத்து முஸ்லிம்கள் ஒருநாள் நோன்பிருந்தார்களாம். பக்கத்து ஊர்களின் இந்துக்கள் கடைகளை அடைத்து இரண்டு நாள் நோன்பிருந்தார்களாம்.

அவர் வந்த காலத்தை மறுபடி நினையுங்கள். சலாபச் சண்டையின் காயம் ஆறாத காலம் அது. ஒரு தரப்பாருக்கு அவர் எதிரியின் குரு. அவரும் தம் காலத்து மனிதரே. பிற சமயங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணங்கள் எல்லாவற்றையும் இன்று நாம் சொல்லமாட்டோம். 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயத்தாரை மதிப்போடு நோக்கக் கற்பித்தபின் நாம் வாழ்கிறோம். அப்படியிருந்தும் அரை நூற்றாண்டில் பகையின் இடத்தில் துயரமும் நோன்பும் வந்தன. வாதத்தால் இது வந்திருக்க முடியாது. தங்கள் மொழியைப் பேசி, நோயாளியை ஏந்தி, தங்கள் துன்பத்தில் உடன் இருந்த ஒரு பெரியவரை இழந்தோம் என்று அயலார் உணர்ந்தார்கள், அவ்வளவே.

நமக்குள்ள கேள்வி

அன்பு மக்களே! நம் ஆறுமுகநேரியைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் புன்னைக்காயல், மறு பக்கம் காயல்பட்டினம், நடுவே நாம். கோயில் மணியும், பள்ளிவாசலின் பாங்கும், அம்மன் கொடை மேளமும் ஒரே காற்றில் வருகின்றன. உப்பளத்தில் வெயிலையும் உப்பு நீரையும் தாங்கி வாரும் கைகள் எந்தச் சமயத்துக்கு உரியவை என்று உப்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் நீரில் மூழ்கும்போது வேலையின்றி நிற்கும் வீடுகளுக்கும் சமய வேறுபாடு இல்லை. தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குத் துணைக்கு ஆளின்றிப் பேருந்தில் ஏறும் நோயாளியின் தனிமைக்கும் சமயம் இல்லை.

யூபிலி விழாவுக்கு நீங்கள் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள். விளக்கு அலங்காரமும் சப்பரமும் வேண்டியவையே. நம் மகிழ்ச்சியைக் காட்டாமல் இருக்க முடியாது. ஆனால் கொடி இறங்கி, விளக்குகள் கழன்றபின் எது நிற்கும்? ஆகவே பங்குத்தந்தை என்ற முறையில் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். யூபிலிக் காணிக்கையில் ஒரு பகுதியை நோயாளிகளுக்கும், மழைக்காலத்தில் வேலையிழக்கும் குடும்பங்களுக்கும் என்று தனியே ஒதுக்குவோம். யார் வீட்டில் தேவை என்று பார்ப்போமேயன்றி, யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேளாதிருப்போம். நம் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு, ஊரின் இந்து, முஸ்லிம், தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்களையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். அவர்களிடமும் கொடுக்கும் மனம் நிறைய உண்டு. நாம் கேட்காததுதான் குறை.

புன்னைக்காயலின் அந்த மருத்துவமனை இன்று இல்லை. அடிகளாரின் முதல் நூல்களில் எஞ்சியிருக்கும் சில படிகளும் தொலைதூர நூலகங்களில் உள்ளன. ஆனால் அயலார் இருந்த நோன்பின் நினைவு 400 ஆண்டுகளுக்கும் மேலாக அழியாமல் இருக்கிறது. நம் பங்கின் அடுத்த யூபிலி மலரை எழுதப்போகிறவர், நம்மைப் பற்றி நம் அயலாரிடம் கேட்டு எழுதட்டும். அவர்கள் நல்ல வார்த்தை சொல்லும்படி நாம் வாழ, சவேரியாரும் அண்டிரிக் அடிகளாரும் நடந்த இம்மண்ணில், ஆண்டவர் நமக்கு வரம் அருள்வாராக.

ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை