காமராசரின் பள்ளிப் பருவம்

விருதுநகர் முன்னாளில் விருதுபட்டி எனப்பட்டது. அவ்வூரிற் குமாரசாமி, சிவகாமி அம்மையார் என்போர்க்கு 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-இற் பிறந்தவர் காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்தார்.

யாம் பெரிதும் வியப்பது அவர்தம் பள்ளி நாளைப்பற்றி வழங்கும் ஒரு செய்தியையே. பிள்ளையார் சதுர்த்தியன்று வலிய சிறுவர் மெலியாரைத் தள்ளி முந்தினர். காமராசர் ஒதுங்கி நின்று சிறிதளவே பிரசாதம் பெற்றார். வீட்டார் கடிந்தனர். எல்லாரிடமும் காசு பெற்ற ஆசிரியரன்றோ சமமாய்ப் பங்கிடல் வேண்டும் என அவர் வினவினாராம். தள்ளியவனை விடுத்துத் தள்ளுண்டவனைக் கடிதல் நம் இல்லங்களிலும் உண்டு!

கல்வி இடையில் நின்றது. அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் விளங்கிய காலத்தில், 1956-இற் பசித்த சிறார்க்கு மதிய உணவு வந்தது; கந்தல் கண்டு எவரும் எள்ளாவண்ணம் சீருடையும் வந்தது.