சம்பளச் சீட்டில் ஒரு வரி: பிரான்சஸ் பெர்கின்ஸ் கடந்து வந்த பாதை

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நம் கண் நேராகக் கீழே உள்ள தொகைக்குத்தான் போகிறது. அதற்கு மேலே இபிஎஃப், சொக்சோ, வேலை காப்புறுதி என்று வரிசையாக நிற்கும் பிடித்தங்களைப் பார்த்து முணுமுணுப்போம். பக்கத்திலேயே இருக்கும் முதலாளியின் பங்கை அநேகர் கவனிப்பதில்லை.

கூலி கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்தது என்பதுதான் ஒரு காலத்தில் உலக வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் பிரான்சஸ் பெர்கின்ஸ். அந்நாட்டின் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர்.

1880 ஏப்ரல் 10-ஆம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்து, வூஸ்டரில் வளர்ந்தார். மவுண்ட் ஹோல்யோக் கல்லூரியில் இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்து 1902-இல் பட்டம் பெற்றார். அடுத்து ஆசிரியர் வேலை. சிகாகோ அருகே பள்ளியில் கற்பித்துக் கொண்டே, ஏழைக் குடியேறிகளுக்கு உதவிய ஹல் ஹவுஸ் இல்லத்தில் தொண்டாற்றினார். 1907-இல் பிலடெல்பியா சென்று, வேலை தேடி நகரத்துக்கு வரும் குடியேறிப் பெண்களையும் கறுப்பினப் பெண்களையும் ஏமாற்றிய வேலைவாய்ப்பு முகவர்களைப் பற்றி விசாரித்தார். வேலை தருபவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லாத இடத்தில் தொழிலாளியின் நிலை என்ன என்பதை அங்கே நேரில் கண்டார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட நாள் 1911 மார்ச் 25. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கம் அருகே தோழி வீட்டுத் தேநீர் விருந்தில் இருந்தவர், தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டு ஓடினார். டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து கொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு ஏணிகளோ ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. இளம் பெண்கள் சன்னல் வழியே குதித்து மடிவதை அவர் கண்ணெதிரே பார்த்தார். அன்று இறந்தவர்கள் 146 பேர். தொழிற்சாலை உரிமையாளர்கள் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டனர். 1914-இல் இழப்பீட்டு வழக்கு முடிந்தபோது ஓர் உயிருக்குக் கிடைத்தது 75 டாலர்.

கண்ணீர் விட்டதோடு பெர்கின்ஸ் நிற்கவில்லை. மாநில அரசு அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்காக உழைத்தார். சட்டமன்ற உறுப்பினர்களைத் தொழிற்கூடங்களுக்கே அழைத்துச் சென்று காட்டினார். அவசர வழி, தீயணைப்பு நீர்த்தூவி, தீ ஒத்திகை என நியூயார்க்கில் முதலாளிகளின் கடமைகள் ஒவ்வொன்றாகச் சட்டமாயின. 1912-இல் பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் மசோதாவுக்கும் அவர் பாடுபட்டார். உணவு பதனிடும் ஆலைகளை விலக்கினால்தான் அது நிறைவேறும் என்ற நிலை வந்தபோது, கிடைப்பதை முதலில் பெற்றுக் கொள்வோம் என்று ஒப்புக்கொண்டார். இந்தப் போக்கு பிற்காலத்திலும் அவரிடம் தொடர்ந்தது.

1913-இல் பால் வில்சனை மணந்தார். பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் கணவர் மனநோய்க்கு ஆளாக, மகளையும் குடும்பத்தையும் தாங்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. சம்பாதிக்கும் ஒருவரின் வருமானம் நின்றால் வீடு என்னாகும் என்பது அவருக்கு ஏட்டறிவு மட்டுமல்ல.

1929-இல் நியூயார்க் ஆளுநராக இருந்த ரூஸ்வெல்ட் அவரை மாநிலத் தொழில்துறை ஆணையராக்கினார். அதே ஆண்டு பங்குச் சந்தை சரிந்தது. கோடிக்கணக்கானோர் வேலையிழந்து தெருவில் நின்றனர். 1933-இல் அதிபரான ரூஸ்வெல்ட் தொழிலாளர் அமைச்சர் பதவிக்கு அழைத்தபோது, அவர் ஒரு பட்டியலோடு போனார். குறைந்தபட்சச் சம்பளம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் தடை, வேலையிழந்தோருக்கு உதவித் தொகை, முதியோர் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதி எல்லாம் அதில் இருந்தன. அவற்றுக்கு ஆதரவு உண்டென்று உறுதி பெற்ற பிறகே பதவியை ஏற்றார்.

பணம் எங்கிருந்து வரும், நீதிமன்றம் விடுமா என்பவை பெரிய கேள்விகள். தொழிலாளர் விவகாரம் மாநிலங்களின் அதிகாரம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்துவிடலாம். நீதிபதி ஹார்லன் ஸ்டோன் வீட்டுத் தேநீர் விருந்து ஒன்றில், வரி விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை அவர் காதில் போட்டார் என்று பெர்கின்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1935 ஆகஸ்ட் 14-இல் கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியில்தான் நடந்தது. எட்டுப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் ஒரு விகிதத்தை மத்திய அரசுக்கு வரியாகக் கட்ட வேண்டும். 1936-இல் 1 விழுக்காடு, 1938-இல் 3 விழுக்காடு. ஆனால் அவருடைய மாநிலம் சொந்தமாக வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டம் இயற்றியிருந்து, அங்கே அவர் பணம் கட்டினால், மத்திய வரியில் 90 விழுக்காடு வரை கழித்துக் கொள்ளலாம். சட்டம் இயற்றாத மாநிலத்தின் முதலாளிகளும் வரி கட்டத்தான் வேண்டும். பணம் வாஷிங்டனுக்குப் போகும், உள்ளூர்த் தொழிலாளிக்கு ஒன்றும் கிடைக்காது. இதை உணர்ந்த எல்லா மாநிலங்களும் 1937-க்குள் சட்டம் இயற்றின. அடிக்கடி ஆட்குறைப்பு செய்பவருக்குக் கூடுதல் வரி, வேலையில் நிலையாக வைத்திருப்பவருக்குக் குறைந்த வரி என்ற முறையும் மாநிலங்களில் வந்தது.

அலபாமாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெஷின் நிறுவனம் தான் கட்டிய 46 டாலர் 14 காசைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தது. 1937 மே 24-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வரி செல்லும் என்றது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் பெர்கின்ஸின் உழைப்பு வீணாகியிருக்கும். மறு ஆண்டு வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டம், மணிக்கு 25 காசு குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தது.

குறைகளும் உண்டு. 1935 சட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் சேர்க்கப்படவில்லை. கறுப்பின மக்களில் பெரும் பகுதியினர் செய்தவை இந்த வேலைகளே. முதியோர் காப்புறுதி அவர்களை எட்ட 1950-கள் வரை ஆனது. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் வாசகர்களுக்கு இந்த வலி புரியும். மருத்துவக் காப்புறுதி மட்டும் கடைசிவரை அவருக்குக் கைகூடவில்லை.

எதிர்ப்பும் குறைவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடுகடத்தவில்லை என்பதற்காக 1939-இல் அவரைப் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. நாடாளுமன்றக் குழு அதற்கு ஆதாரமில்லை என்று ஒதுக்கியது. 1945 வரை 12 ஆண்டுகள் அமைச்சராக இருந்த அவர், முதுமையில் கார்னல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, மாணவர் விடுதியிலேயே தங்கினார். 1965 மே 14-இல் 85 வயதில் மறைந்தார். வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் அமைச்சின் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டில் வேலை காப்புறுதித் திட்டம் 2018-இல்தான் நடப்புக்கு வந்தது. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. சிறிய தொகைதான். ஆனால் வேலை போன மாதம்தான் அதன் அருமை தெரியும். சம்பளத்தில் பிடித்த பணமும் முதலாளியின் பங்கும் உண்மையிலேயே கட்டப்பட்டுள்ளனவா என்பதை, வேலை இருக்கும்போதே ஒருமுறை சரிபார்த்துக் கொள்வது நல்லது.