லவாய்சியரின் தராசு

கார்த்திகைத் தீபத்தன்று நம் மலையுச்சியில் எரியும் நெய் எங்கே போகிறது? கரியமில வாயுவும் நீராவியுமாகிக் காற்றில் கலக்கிறது. எரிதலின் இக்கணக்கை உலகுக்குக் காட்டியவர் அந்துவான் லவாய்சியர்.

1743இல் பாரிஸில் பிறந்த இவர் சட்டம் பயின்றவர். வரி வசூல் நிறுவனத்தின் பங்குதாரர். மூடிய கலத்தில் பொருள்களை எரித்து, முன்னும் பின்னும் எடை பார்த்தார். மொத்த எடை மாறவில்லை! காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதே எரிதல் என்றார். லாப்லாசுடன் சேர்ந்து, உருகிய பனிக்கட்டியைக் கொண்டு வெப்பத்தையும் அளந்தார்.

அரியலூர் சிமென்ட் சூளைகளிலும் இதே கணக்குதான். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும்.

மனைவி மரீ ஆங்கில நூல்களை மொழிபெயர்த்துத் தந்தார். கருவிகளைப் படமாக வரைந்தார். வரி வேலையே வினையாயிற்று. 1794 மே 8 அன்று லவாய்சியரும் மரீயின் தந்தையும் கில்லட்டினுக்குப் பலியாயினர். கணவரின் கட்டுரைகளை மரீ பின்னர் நூலாக வெளியிட்டார்.