பூட்சைத் தின்ற சார்லி சாப்ளின்

பனிமலையில் ஒரு மரக் குடிசை. உள்ளே பசியால் வாடும் இரண்டு பேர். அன்று அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்து விருந்து உண்ணும் திருநாள். ஆனால் குடிசையில் ஒரு பிடி மாவுகூட இல்லை.

ஒருவர் தன் பூட்சைக் கழற்றிப் பானையில் போட்டு வேக வைக்கிறார். பூட்சின் கயிற்றைச் சேமியாபோல் சுருட்டி விழுங்குகிறார். ஆணிகளை எலும்பு சூப்புவதுபோல் சூப்புகிறார்!

அவர்தான் சார்லி சாப்ளின். படம், 1925ஆம் ஆண்டு வெளிவந்த "கோல்ட் ரஷ்". தங்கம் தேடி அலாஸ்கா பக்கம் ஓடியவர்களின் கதை. பேசாத படம். உலகமே வயிறு குலுங்கச் சிரித்தது.

ஏழை விடுதியில்

சாப்ளின் 1889இல் லண்டனில் பிறந்தார். தந்தையும் தாயும் மேடைப் பாடகர்கள். தந்தை குடியில் மூழ்கி, குடும்பத்தைப் பிரிந்து போனார். தாய் ஹன்னாவுக்குக் குரல் கெட்டது. துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அதுவும் போதவில்லை.

1896இல் தாயும், சார்லியும், அண்ணன் சிட்னியும் லாம்பெத் ஏழை விடுதியில் சேர்ந்தார்கள். சார்லிக்கு வயது 7. அங்கே தாய் ஓர் இடம், பிள்ளைகள் வேறு இடம். பிறகு தாய்க்குச் சித்தம் கலங்கியது.

உண்மைக் கதை

பூட்ஸ் காட்சிக்கும் ஓர் உண்மைக் கதை உண்டு. 1846இல் கலிபோர்னியாவுக்குக் குடியேறப் புறப்பட்ட 80க்கும் மேற்பட்டோர், மலையில் பனியில் சிக்கிக்கொண்டனர். மாட்டுத் தோலை வேகவைத்துத் தின்றனர். பின்னர் சிலர் இறந்தவர்களின் உடலையும் தின்றனர். ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டனர். இந்தக் கொடிய வரலாற்றைச் சாப்ளின் படித்தார். படத்தில் பசி மயக்கத்தில் கூட்டாளியின் கண்ணுக்குச் சாப்ளின் கோழியாகத் தெரிகிறாரே, அந்த வேடிக்கைக்கும் வேர் இதுதான்.

அதே மலைப் பகுதியில், ட்ரக்கி என்ற ஊருக்கு அருகே, 1924இல் படம் எடுத்தார். பனிமலை ஏறும் கூட்டமாக நடித்தவர்கள் யார் தெரியுமா? ரயிலில் அழைத்து வரப்பட்ட, வீடு வாசல் இல்லாத நூற்றுக்கணக்கான நாடோடிகள்!

பூட்ஸ் அதிமதுர மிட்டாயால் செய்தது. காட்சி சரியாக வரும்வரை சாப்ளின் திரும்பத் திரும்ப எடுத்தார். அதிமதுரம் பேதிக்குப் போகச் செய்யும் பொருள் ஆயிற்றே! சாப்ளினும் உடன் நடித்த மாக் ஸ்வெய்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்பே, 1921இல், சாப்ளின் தாயை அமெரிக்காவுக்கு வரவழைத்திருந்தார். கடற்கரை அருகே வீடு, கவனித்துக்கொள்ள ஆட்கள் எல்லாம் வைத்தார். 1928இல் ஹன்னா காலமானார்.