தொழிலாளர் நோயறிந்த ராமாசினி

நோயுற்றவரிடம் மருத்துவர் நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். உண்டது யாது, உறங்கியது எவ்வாறு என்று வினவுவார். பிழைப்புக்காக அவர் நாள்தோறும் என்ன வேலை செய்கிறார் என்பதையும் கேட்டறிதல் வேண்டும் என மருத்துவ உலகிற்குக் கற்பித்தவர் இத்தாலி நாட்டுப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமாசினி ஆவார். அம்மை குத்தும் முறையைக் கண்ட ஜென்னரையும், வெறிநாய்க்கடிக்கு மருந்தளித்த பாஸ்டரையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். உழைப்பாளிகளின் உடல்நலத்தையே பொருளாகக் கொண்டு நூல் செய்த இப்பெரியாரை நம்மவருள் அறிந்தோர் சிலரே. தொழில் செய்தே வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் குடியிருப்பில் அவர் வரலாறு அறியப்பட வேண்டியதாகும்.

இத்தாலியின் வடபகுதியிலுள்ள கார்ப்பி என்னும் சிற்றூரில் 1633ஆம் ஆண்டில் ராமாசினி பிறந்தார். பார்மா நகரப் பல்கலைக் கழகத்தில் பயின்று 1659இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உரோமாபுரியை அடுத்த நாட்டுப்புறங்களில் சில காலம் தொழில் நடத்தியபோது, அப்பகுதியில் மிகுந்திருந்த மலேரியாக் காய்ச்சல் அவரையே பற்றிக் கொண்டது. ஊர் திரும்பி உடல் தேறியபின் 1671இல் மோதேனா நகரில் குடியேறினார். 1682இல் அந்நகரப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டியது. இதுகாறும் அவர் வாழ்வு மற்றைய கற்றறிந்த மருத்துவர் வாழ்வு போன்றதே.

அதனைத் திருப்பிவிட்டவர் மலக்குழி துப்புரவு செய்யும் ஏழைத் தொழிலாளி ஒருவர். மோதேனாவில் வீடுதோறும் மலக்குழிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாருவது வழக்கம். ராமாசினியின் இல்லத்துக் குழியில் இறங்கியவர் மூச்சுவிடவும் நில்லாது விரைந்து வேலை செய்வதைக் கண்டு, இத்துணை அவசரம் ஏன் என அவர் பரிவுடன் கேட்டார். தேவைக்கு மேல் சிறிது நேரம் தங்கினும் கண் போய்விடும் என்று அத்தொழிலாளி விடையிறுத்தார். அவர் கண்கள் சிவந்து மங்கியிருந்தன. வேலை முடிந்ததும் இருட்டறையில் அடைந்து கிடந்து, வெந்நீரால் கண்களைக் கழுவுவதே தமக்குத் தெரிந்த சிகிச்சை என்றும் கூறினார். அத்தொழிலாளர் பலர் குருடராகித் தெருவில் பிச்சை எடுப்பதைப் பின்னர் ராமாசினி நேரில் கண்டார். குழியின் ஆவி பட்டால் செப்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப் போவதையும் குறித்துக் கொண்டார். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயுவே இவற்றின் காரணம் என்பது இன்று தெளிவு. நம் நாட்டில் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியோர் அவ்வாயுவால் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் காண்கிறோம்.

அன்று முதல் ராமாசினி பட்டறை பட்டறையாகச் செல்லத் தொடங்கினார். கற்றோர் கால் வைக்கக் கூசும் இடங்களையே அவர் தம் பள்ளியாகக் கொண்டார். மண்பாண்டங்களுக்கு மெருகிட ஈயம் அரைத்த குயவரின் கைகள் நடுங்குவதையும், பற்கள் உதிர்வதையும் கண்டார். பாதரசம் கொண்டு பொன்முலாம் பூசியோர் மூச்சிரைத்து வெளிறிப் போவதைக் கண்டார். வெனிசு நகரில் நாள் முழுதும் செம்பு தட்டும் கன்னார் செவிடராவதையும் எழுதினார். இரைச்சலும் ஒரு நோய்க் காரணமே என்று எண்ணுவார் அக்காலத்தில் அரியர்.

இக்காட்சிகளுள் பல 1700ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ 40 தொழில்களின் நோய்கள் அதில் பேசப்பட்டன. நோய்க்கு அவர் கண்ட காரணங்கள் இரண்டு. கையாளும் பொருளிலிருந்து எழும் தூசும் ஆவியும் ஒன்று. உடலை இயல்புக்கு மாறாக வளைத்தும், ஓயாது நிறுத்தியும், அசையாது இருத்தியும் வேலை வாங்குவது மற்றொன்று. இன்றைய தொழிற் சுகாதார நூல்களும் இவ்விரண்டையும் விடாது பேசுகின்றன. காற்றோட்டம், முகமூடி, கை கால் கழுவுதல், உடை மாற்றுதல், இடையிடையே ஓய்வு என்பன அவர் கூறிய காப்புகள். வேலையை விட்டுவிடு என்று உபதேசிப்பதில் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். படுக்கையில் கிடக்கும் தொழிலாளியை மனைவி மக்களின் பசி பற்றிய கவலையே பாதி கொன்றுவிடும். ஆதலின் அவரை விரைவில் எழுப்பி அனுப்புக என்று மருத்துவருக்கு அறிவுறுத்தினார். ஏழையின் குடிலில் பொன்னாசனம் இல்லையெனில் முக்காலியில் அமர்ந்தேனும் பொறுமையாக விசாரித்தல் வேண்டும் என்பதும் அவர் கட்டளை.

கல்தச்சரைப் பற்றிய பகுதி நமக்கு மிக நெருங்கியது. கல்லைச் செதுக்குங்கால் பறக்கும் நுண்துகள் சுவாசத்தில் புகுந்து இருமலையும் ஈளையையும் விளைப்பதை அவர் எழுதி வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், சித்தூருக்கு மேற்கேயுள்ள கோலார் தங்க வயலில் அதுவே பெருந்துயராகியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்குப் பாறையைத் துளைத்துப் பிழைத்தன. 1940களில் அங்கு ஏழாயிரத்திற்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டது. நுரையீரலில் படிந்த சிலிக்காத் தூசு தழும்பாகி இறுகிவிடும். அதனை மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் வராமல் தடுக்கலாம். துளைக்கும்போதே நீர் பாய்ச்சித் தூசை எழவொட்டாது செய்வதும், எழுந்த தூசை அவ்விடத்திலேயே காற்றால் உறிஞ்சி அகற்றுவதும் முதற் காப்பு. முகமூடி அவற்றிற்குப் பிற்பட்டதே. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக் கொள்வது காப்பே ஆகாது. நுரையீரலைக் கெடுக்கும் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கருங்கல் அறுத்து மெருகிடும் பட்டறைகள் சித்தூர் மாவட்டத்தில் இன்றும் உள்ளன. நம் சங்கத்து அன்பர் எவரேனும் அங்குப் பணிபுரியின் இதனை மறவாதிருப்பாராக.

எழுத்தர்களையும் ராமாசினி விட்டாரில்லை. ஓயாத இருக்கை, கையின் ஒரே விதமான அசைவு, தவறு நேரக் கூடாதே என்னும் மனப் பதைப்பு ஆகிய மூன்றும் குமாஸ்தாவின் பகைகள் என்றார். இடைவிடாது எழுதியதால் வலக்கை முற்றும் செயலிழந்த ஒருவரை அவர் அறிந்திருந்தார். அம்மனிதர் இடக்கையால் எழுதப் பழகினார். நாளடைவில் அதுவும் அவ்வாறே ஆயிற்று. கணிப்பொறிப் பலகையைத் தட்டித் தட்டி மணிக்கட்டு வலியுடன் வீடு திரும்பும் என் போன்றோர்க்கு இப்பகுதியைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கிறது. அவ்வப்போது எழுந்து நடத்தலும், உடற்பயிற்சியுமே அவர் கூறும் மருந்து.

பட்டறைச் சுவரோடு தீங்கு நின்றுவிடுவதில்லை என்பதற்கும் அவர் ஒரு வழக்கைச் சான்று காட்டினார். பினாலே என்னும் ஊரில் வணிகர் ஒருவர் பாதரச உப்பு தயாரிக்கும் பெரிய கூடம் நடத்தினார். அதன் புகையால் அக்கம்பக்கத்தார் மடிகின்றனர் என ஊரார் ஒருவர் வழக்காடினார். கோவிலின் மரணப் பதிவேட்டையே கொணர்ந்து, கூடத்தை அடுத்த பகுதியில் சாவு மிகுதி என்று காட்டினார். எனினும் வணிகரே வென்றார். ராமாசினி தீர்ப்பைத் தாமே கூறாமல் கற்றோர் முடிவுக்கு விட்டுவிட்டார். தம் நாட்டு மன்றத்தை வெளிப்படையாகப் பழிக்க அவர் விரும்பவில்லை போலும். இவ்விடத்தில் இன்னும் சற்றுத் துணிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நூல் வெளிவந்த 1700ஆம் ஆண்டிலேயே வெனிசுக் குடியரசு அவரைப் பாதுவாப் பல்கலைக் கழகத்திற்கு அழைத்துக் கொண்டது. அங்கே அவர் கண்ணொளி மங்கலாயிற்று. எனினும் நூலைப் பெருக்கும் பணி நிற்கவில்லை. அச்சுக் கோப்போர், நெசவாளர் முதலியோர் பற்றிய புதிய பகுதிகளைச் சேர்த்து 1713இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டு நவம்பர்த் திங்களில், மாணவர்க்குப் பாடம் சொல்லப் புறப்படும் வேளையில் பக்கவாதம் தாக்கி வீழ்ந்து, அன்றே உயிர் நீத்தார்.